சார்ஜாவின் பொற்கிழி

சார்ஜா என்ற பெயரைக் கேட்டதும் எமது தலைமுறையினரில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பந்துதான் ஞாபகத்துக்கு வரும். 1986 ஏப்ரல் 18ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஒஸ்ரல்-ஏசியா கிண்ணத்தின் இறுதிப் போட்டி. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ஓட்டங்கள் தேவை. கையில் இருந்ததோ ஒரேயொரு விக்கெட். சேத்தன் சர்மா வீசிய அந்தப் பந்தை ஜாவேத் மியண்டாட் எல்லைக்கு அப்பால் தூக்கி அடித்தார். அந்த ஆறு ஓட்டங்களைப் பற்றி அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அந்தப் போட்டி எதற்காக நடத்தப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே.

தொடரை நடத்திய அமைப்பின் பெயரிலேயே அந்தப் பதில் இருந்தது. 'கிரிக்கெட்டர்ஸ் பெனிஃபிட் ஃபண்ட் சீரிஸ்' என்பதே அதன் பெயர். கிரிக்கெட் வீரர்களின் நலநிதிக்கான தொடர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் விளையாடிய பழைய, புதிய வீரர்களின் சேவையை மதித்துப் பொற்கிழி வழங்குவது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் அந்த நீண்ட பெயர் 'சீ.பீ.எஃப்.எஸ்.' என்ற நான்கு எழுத்துகளாகச் சுருங்கிற்று. எழுத்துகள் நின்றன, பொருள் மறந்துபோயிற்று.

பொற்கிழி என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எடுத்தாள்கிறேன். அது எமது இலக்கிய மேடைகளுக்குப் பழக்கமான சொல். வயது முதிர்ந்த கவிஞரையோ புலவரையோ மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி ஒரு கடித உறையைக் கையில் கொடுக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. சார்ஜாவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஒரு விளையாட்டு மைதானத்தின் கதையாக மட்டும் இதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

விளையாடி முடித்தவனுக்கு ஏன் பொற்கிழி தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள இங்கிலாந்து வரை போய்வர வேண்டும்.

கிரிக்கெட் என்றால் கோடிகள் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் வரலாற்றில் பெரும் பகுதி கூலிக்காரர்களின் வரலாறாகும். பொழுதுபோக்குக்காக விளையாடிய கனவான்கள் ஒரு புறம், சம்பளத்துக்கு விளையாடிய தொழில்முறை வீரர்கள் மறுபுறம் என்று இங்கிலாந்தில் ஒரே அணிக்குள்ளேயே இரண்டு சாதிகள் இருந்தன. 1962இல்தான் அந்தப் பாகுபாடு உத்தியோகபூர்வமாக ஒழிக்கப்பட்டது. தொழில்முறை வீரனுக்குக் கோடைகாலத்தில் சம்பளம். குளிர்காலத்தில் வேறு வேலை தேட வேண்டும். நாற்பது வயதானதும் கை வெறுங்கை. இதற்குப் பரிகாரமாகத்தான் 'பெனிஃபிட்' என்ற முறை வளர்ந்தது. பல ஆண்டுகள் ஒரு கழகத்துக்கு உழைத்த வீரனுக்கு ஒரு போட்டியை ஒதுக்கிக் கொடுப்பார்கள். அதில் சேரும் நுழைவுக் கட்டணத்தில், செலவு போக மிஞ்சியது அவனுக்கு.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. ஆனால் மழை பெய்தால் என்ன ஆகும்? ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் என்ன ஆகும்? அல்பர்ட் ட்ரொட் என்பவரின் கதை இதற்குப் பதில் சொல்லும். அவர் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட் விளையாடியவர். 1899இல் லோர்ட்ஸ் மைதானத்தின் பெவிலியன் கூரைக்கு மேலாகப் பந்தை அடித்து அனுப்பியவர். 1907இல் அதே லோர்ட்ஸில் மிடில்செக்ஸ் கழகம் சமர்செட் அணியுடனான போட்டியை அவருடைய நலநிதிக்காக ஒதுக்கியது. அந்தப் போட்டியில் அவர் நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே இன்னிங்ஸில் மீண்டும் ஒரு ஹட்ரிக் எடுத்தார். வேறு எந்த நாளிலென்றாலும் கொண்டாடப்பட்டிருக்க வேண்டிய சாதனை. ஆனால் ஆட்டம் நேரத்தோடு முடிந்தது. கடைசி நாளில் வரவேண்டிய கூட்டமும் காசும் வராமற் போயின. நன்றாகப் பந்துவீசி என்னை நானே அநாதை விடுதிக்கு அனுப்பிக்கொண்டேன் என்ற கருத்தில் அவர் வேடிக்கையாகப் பேசியதாகச் சொல்வார்கள். ஏழு ஆண்டுகளின் பின், 1914இல், நோயுடனும் தனிமையுடனும் வாடகை அறையொன்றில் இருந்த அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். வீட்டுக்காரிக்கு அவர் விட்டுச் சென்றது ஓர் உடுப்பு அலுமாரியும் நான்கு பவுணும். அவருடைய கல்லறைக்கு ஒரு நடுகல் வைக்க எண்பது ஆண்டுகள் சென்றன.

1953இலும் இது மாறவில்லை. சமர்செட் அணியின் பேர்ட்டி பியூஸ் என்பவருக்காக பாத் நகரில் ஒதுக்கப்பட்ட போட்டி ஒரே நாளில் முடிந்துபோனது. மூன்று நாள் வருமானத்தை நம்பியிருந்தவருக்கு ஒரு நாள் வருமானம். திறமையும் வானிலையும் ஆடுகளமும் சேர்ந்து ஒரு மனிதனின் முதுமையைத் தீர்மானித்த காலம் அது.

இங்கே ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். கென்ட் கழகத்தின் ஜேம்ஸ் சீமோருக்கு 1920இல் கிடைத்த பெனிஃபிட் பணத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று வரி அதிகாரிகள் கோரினார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1927இல் தீர்ப்பு வீரனுக்குச் சாதகமாக அமைந்தது. இது சம்பளமன்று, தனிப்பட்ட அன்பளிப்பு. ஆகவே வரி இல்லை என்றனர் நீதிபதிகள். வீரர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்வதற்கும் காரணம் இருந்தது. எனினும் அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தை வாசித்துப் பாருங்கள். வரி ஏன் இல்லை? அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அவனுக்கு இல்லாதபடியால். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. பெனிஃபிட் என்பதன் முழு இலட்சணத்தையும் அந்தத் தீர்ப்பு ஒரே வரியில் சொல்லிவிட்டது.

இந்திய உபகண்டத்தில் இந்த அன்பளிப்பு முறைகூட ஒழுங்காக வேரூன்றவில்லை. முன்னைய காலத்தில் மன்னர்களும் நவாபுகளும் ஆதரித்தார்கள். பின்னர் ரயில்வேயும் வங்கிகளும் விமான நிறுவனங்களும் வேலை கொடுத்தன. 1950களில் ஒரு டெஸ்ட் போட்டிக்கு இந்திய வீரருக்குக் கிடைத்த பணம் சில நூறு ரூபாய்தான். 1983இல் உலகக் கிண்ணத்தை வென்று வந்த அணிக்கே பரிசு கொடுக்க இந்தியக் கிரிக்கெட் சபையிடம் போதிய பணம் இருக்கவில்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் ஊதியம் வாங்காமல் ஓர் இசை நிகழ்ச்சி நடத்திக் கொடுத்தார். அதில் சேர்ந்த பணத்திலிருந்தே வீரர்களுக்குத் தலைக்கு ஓர் இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. உலகச் சம்பியன்களுக்கே அந்த நிலை என்றால், அவர்களுக்கு முன் இரண்டு தலைமுறையாக விளையாடி ஓய்ந்தவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வெற்றிடத்தில்தான் அப்துல் ரஹ்மான் புகாதிர் வருகிறார்.

புகாதிர் ஓர் அரபு வணிகர், சார்ஜாவைச் சேர்ந்தவர். எண்ணெய் வளம் அந்தக் கரையைச் செழிக்கச் செய்வதற்கு முந்திய காலத்தில் வளைகுடாவின் பிள்ளைகள் சிலர் படிப்பதற்காகக் கராச்சிக்கும் பம்பாய்க்கும் போவதுண்டு. அப்படிக் கராச்சியில் படித்த புகாதிர், படிப்போடு கிரிக்கெட் பைத்தியத்தையும் கொண்டு ஊர் திரும்பினார். அரபு மண்ணில் புல்லே முளைக்காத இடத்தில் அவர் முதலில் உள்ளூர் லீக் போட்டிகளை நடத்தினார். அவருடன் கைகோத்தவர் ஆசிப் இக்பால். ஆசிப் ஹைதராபாத்தில் பிறந்து, 1961இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டு அணிக்கும் இங்கிலாந்தின் கென்ட் கழகத்துக்கும் தலைமை தாங்கியவர். கென்ட்டில் விளையாடியவருக்குப் பெனிஃபிட் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் முறையை அறிந்தவரும், பணமும் ஆர்வமும் உள்ளவரும் சந்தித்த இடத்தில் சார்ஜா கிரிக்கெட் பிறந்தது.

1981 ஏப்ரல் 3ஆம் திகதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, கவாஸ்கர் அணியும் மியண்டாட் அணியும் அங்கே மோதின. அன்று முதல் இந்திய, பாகிஸ்தான் வீரர்களுக்கான பொற்கிழிப் போட்டிகள் தொடர்ந்தன. 1984இல் புதிய மைதானத்தில் முதலாவது ஆசியக் கிண்ணம் நடந்தது. அந்த மைதானத்தின் முதலாவது உத்தியோகபூர்வ ஒருநாள் சர்வதேசப் போட்டியில், டெஸ்ட் அந்தஸ்துப் பெற்று மூன்றாண்டுகூட நிறையாத இலங்கை அணி பாகிஸ்தானை 5 விக்கெட்டுகளால் வென்றது. சார்ஜாவின் பதிவேட்டில் முதல் வெற்றி எமது நாட்டினுடையது என்பதைச் சொல்லி வைக்கலாம்.

இரண்டு நாடுகள் எல்லையில் முறைத்துக்கொண்டிருந்த வேளையிலும் அந்த மைதானத்தில் மாத்திரம் ஒன்றாக விளையாடின. ஒரு நாட்டின் முதிய வீரனுக்காக மறு நாட்டு இளைஞன் வியர்வை சிந்தினான். இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. 1947இல் பிரிக்கப்பட்ட ஒரு விளையாட்டுக் குடும்பத்தின் மூத்தவர்களை மூன்றாவது ஒரு மண்ணில் வைத்துக் கௌரவித்தது சார்ஜா.

அந்தப் பொற்கிழியை நிரப்பியவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். புகாதிரின் செல்வம் இருந்தது. விளம்பரக் கம்பனிகளின் பணம் இருந்தது. மைதானத்தின் படிகளை நிரப்பியவர்களோ பெரும்பாலும் தொழிலாளர்கள். கேரளத்தவர், பஞ்சாபியர், பட்டாணியர், வங்காளிகள், எம்மவர்கள். 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் எங்கள் ஊர்களிலிருந்து ஏஜென்சிக்குக் காசு கட்டி மத்திய கிழக்குக்குப் போன முதல் தலைமுறை அது. எங்கள் தெருவில் ஒரு காக்கா சார்ஜாவில் கட்டட வேலை செய்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. ஜும்ஆவுக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்குப் போவோம் என்பார். டிக்கட்டுக்குக் கொடுத்த திர்ஹம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசிலிருந்து கழிந்தது என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, விசா முடிந்தால் பயணப் பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். முதுமைக்கு எந்த உத்தரவாதமும் இல்லாத ஒரு கூட்டம், முதுமையில் நொந்த ஆட்டக்காரர்களின் நிதிக்குத் தன் பங்கைக் கொடுத்தது. அந்தத் தொழிலாளர்களுக்குப் பெனிஃபிட் போட்டி நடத்தியவர் எவருமில்லை.

தொண்ணூறுகளில் சார்ஜா உச்சத்துக்குப் போயிற்று. 1998 ஏப்ரலில் டெண்டுல்கர் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 143, 134 என்று அடுத்தடுத்து இரண்டு சதங்கள் அடித்தார். 2000 ஒக்டோபர் 29இல் சனத் ஜயசூரிய தனியொருவராக 189 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா மொத்தமாக 54 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆனால் அந்தக் கிண்ணங்களின் பெயர்களைக் கவனியுங்கள். ரொத்மன்ஸ் கிண்ணம், வில்ஸ் கிண்ணம், பெப்சி கிண்ணம், கொக்கா கோலா கிண்ணம். சிகரட்டும் சோடாவும் முன்னுக்கு வந்தன. பழைய வீரர்களின் நிதி என்ற பெயர் பின்னுக்குப் போனது. விளம்பரக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தாம் கொடுத்த காசுக்குத் தமது பெயரைக் கேட்டார்கள். காலத்தோடு தொலைக்காட்சி உரிமையே ஆட்டத்தின் இயந்திரமாயிற்று. தொடங்கியபோது தொடர் நிதிக்காக இருந்தது. முடிவில் நிதி தொடரின் ஓரத்தில் இருந்தது.

பிறகு சூதாட்ட இருள் சூழ்ந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹன்சி குரோனியே விவகாரம் வெடித்தது. மே மாதத்தில் பாகிஸ்தானின் சலீம் மாலிக் ஆயுட்காலத் தடைக்குள்ளானார். அவ்வருட முடிவில் இந்தியாவிலும் தடைகள் வந்தன. வழக்கமான கிரிக்கெட் நாடுகளுக்கு வெளியே, பணத்தை நோக்கமாகக்கொண்டு நடத்தப்படும் தொடர்கள் மீது எல்லோருடைய சந்தேகமும் விழுந்தது. 2001இல் இந்திய அரசாங்கம் தனது அணி சார்ஜா, சிங்கப்பூர், டொரண்டோ போன்ற இடங்களில் மூன்று ஆண்டுகள் விளையாடக் கூடாது என்று தடுத்தது. இந்தியா வராத சார்ஜாவில் கூட்டமில்லை. கூட்டமில்லாத இடத்தில் விளம்பரமில்லை. 2003 ஏப்ரலில் பாகிஸ்தான், இலங்கை, சிம்பாப்வே, கென்யா அணிகள் பங்குபற்றிய தொடரோடு அந்தக் காலம் முடிந்தது. மைதானத்தில் மீண்டும் ஒருநாள் சர்வதேசப் போட்டி நடக்க 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சூதாட்டக்காரனின் குற்றத்துக்கும் பொற்கிழி வாங்க வேண்டிய முதிய வீரனுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆனாலும் மேடை சரிந்தபோது அவனுடைய பங்கும் சேர்ந்தே சரிந்தது. ட்ரொட்டுக்கு 1907இல் நேர்ந்ததும் இதுதான். உருவம் மட்டுமே வேறு. அன்று ஆட்டம் சீக்கிரம் முடிந்தபடியால் பணம் வரவில்லை. இங்கே ஆட்டமே நின்றுபோனபடியால் பணம் வரவில்லை. காட்சியோடு கட்டப்பட்ட உதவி, காட்சி முடிந்ததும் முடிந்துவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டா என்று தேடியபோது நான் எதிர்பாராத ஓர் இடத்தில் அதைக் கண்டேன். குதிரைப் பந்தயம் பந்தயப் பணத்தாலேயே வாழும் ஒரு விளையாட்டு. எமக்கு அது ஹராம் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அதில் சவாரி செய்து விழுந்து முடமானவன் ஒரு கூலித் தொழிலாளி. 1963 டிசம்பரில் இங்கிலாந்தின் ஐன்ட்ரி மைதானத்தில் டிம் புரூக்ஷோ என்ற சவாரியாளர் விழுந்து முடமானார். சில மாதங்களின் பின், 1964இல், அதே மைதானத்தில் பாடி ஃபாரெல் விழுந்தார். அவருக்கும் அதே கதி. அவர்களுக்குக் கிடைத்த நட்டஈடு குடும்பம் நடத்தக் காணாது. அவ்விருவருக்காகவும் திரட்டப்பட்ட நிதி, காயமடைந்த எல்லாச் சவாரியாளர்களுக்குமான நிரந்தர நிதியமாக வளர்ந்தது. அது இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உதவியிருக்கிறது. லாம்போர்னில் 2009இலும், மோல்டனில் 2015இலும், நியூமார்கட்டில் 2019இலும் சிகிச்சை, புனர்வாழ்வு நிலையங்களைக் கட்டியது. பந்தயத் துறையில் ஊழல்கள் வராமலில்லை. வந்தபோது நிதியம் விழவில்லை. ஏனெனில் அது ஒரு பந்தயத்தின் நுழைவுக் கட்டணத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அதற்குத் தனியான முதல் இருந்தது, பொறுப்பாளர்கள் இருந்தார்கள், யாருக்கு எதற்காகக் கொடுப்பது என்ற ஒழுங்கு இருந்தது.

கிரிக்கெட்டிலும் அந்தத் திசையில் மாற்றம் வந்தது. ஃப்ரெட் ரம்சி 1967இல் இங்கிலாந்தில் தொடங்கிய தொழில்முறை வீரர் சங்கம் வளர்ந்து, இன்று தனக்கென ஓர் அறநிதியம் வைத்து முன்னாள் வீரர்களின் உடல், மன நோய்களுக்கும் குடும்பங்களின் நெருக்கடிகளுக்கும் கைகொடுக்கிறது. இந்தியக் கிரிக்கெட் சபை 2004இல் முன்னாள் டெஸ்ட் வீரர்களுக்கு மாதம் 5000 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. பிறகு முதல்தரப் போட்டி வீரர்களும் பெண் வீராங்கனைகளும் சேர்க்கப்பட்டார்கள். 2022இல் தொகை கணிசமாகக் கூட்டப்பட்டது. ஓய்வூதியம் பெறும் முதியவர் மேடையேறத் தேவையில்லை. புகைப்படத்துக்கு நிற்கத் தேவையில்லை. மாதம் பிறந்தால் பணம் வரும்.

இந்த வித்தியாசம் எமது மரபுக்குப் புதியதன்று. ஒருவர் மனமுவந்து கொடுக்கும் சதகாவும் வக்பும் இரண்டுமே நன்மைதான். ஆனால் வக்பில் முதல் கைவைக்கப்படாமல் நிற்கிறது. அதன் விளைச்சல்தான் செலவாகிறது. கொடுத்தவர் மறைந்தாலும், அவருடைய பிள்ளைகளின் மனம் மாறினாலும், தென்னந்தோப்பு காய்த்துக்கொண்டிருக்கிறது. வாங்குபவர் கொடுத்தவரின் முகம் பார்க்கத் தேவையில்லை. காயமடைந்த சவாரியாளர்களின் நிதியம் அதை அறியாமலேயே வக்பின் ஒழுங்கில் நடக்கிறது. சார்ஜாவின் நிதியோ, ஓர் அரபு முஸ்லிமின் நல்ல எண்ணத்தில் பிறந்தும், சதகாவின் ஒழுங்கிலேயே நின்றுவிட்டது.

இதனால் புகாதிரின் பணி குறைந்ததென்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரிக்கெட் சபைகள் தமது முதியவர்களைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் அவர் பார்த்தார். கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காதபோது கொடுத்தார். பின்னாளில் சபைகள் ஓய்வூதியம் என்று பேசத் தொடங்கும் முன்னரே, ஓய்ந்த வீரனுக்குச் சமூகம் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தை இருபது ஆண்டுகள் மேடையில் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். வரலாற்றில் அவருக்குரிய இடம் மியண்டாட்டின் ஆறு ஓட்டங்களுக்குக் கீழே இருக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எழுதி ஓய்ந்த எமது மூத்தவர்களுக்கு நாம் செய்வது என்ன? விழா வைத்தால் பொற்கிழி உண்டு. விழாவுக்கு அனுசரணையாளர் கிடைத்தால் உறையில் கொஞ்சம் கூட இருக்கும். விழா இல்லாத வருடத்தில் மருந்துக் கடைக்காரரிடம் கடன். விழாவுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவருக்கு உறை போய்ச் சேர்வதே அபூர்வம். மாநாட்டு மலருக்கும் மண்டப வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு தடவையும் ஒதுக்கி, தொடக்கூடாத முதலாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வந்திருந்தால், இன்று எத்தனை வீடுகளுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையாவது போயிருக்கும்? கணக்கெடுக்கத் தொடங்குவதற்கு இப்போதும் நேரமிருக்கிறது. முதலில் ஒரு பட்டியல் வேண்டும்: எமது எழுத்தாளர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் யார் யார், எந்த ஊரில், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று. அதைத் தயாரிக்க அனுசரணையாளர் எவரும் தேவையில்லை.